வெட்டிப்போட்ட பதினோரு இலைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். எனக்கு இடது முழங்கால் மாடிப்படியில் முனகுகிறது, அம்மாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் சுகம். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்பதை உன் அக்கா வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்கிறேன், அதுவும் அவளுக்குச் சொல்லத் தோன்றினால். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முழுதாக நான்கு மாதம் இருந்துவிட்டேன். இதற்கு மேலும் இருந்தால் நீ சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன், தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

எதைப் பற்றி என்று உனக்கு ஞாபகம் இருக்காது. சொன்னவர்களுக்கு மறந்துவிடும், கேட்டவனுக்கு மறக்காது. நம் குடும்பத்துக்கென்று போனில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் உன் அக்கா ஒருநாள் நம் வீட்டு நடைவழியில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் உன் செடியைப் படமெடுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நீ எழுதினாய், "பாவம் சல்லடை. அந்த வீட்டுல எதுவும் வளராது, விடு." அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். ஒன்பது பேர் இருக்கிற குழு அது. உன் மாமா, தன் வாழ்நாளில் ஒரு காரியத்தையும் முடித்தறியாத அந்த மனிதர், அதற்கு ஒரு சிரிக்கும் மூஞ்சியைப் போட்டார். நான் டப்பாவை மூடிவிட்டேன். அந்த வீடு என்று எழுதியிருந்தாய், நம் வீடு என்று எழுத விரல் வரவில்லை. அந்த வீட்டில் எதுவும் வளராதென்றால் நீ எங்கே வளர்ந்தாய்? ஐந்தடி ஆறங்குலமும் அந்த நாக்கும் உனக்கு வழியில் கிடைத்தனவா? இப்போது அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பில் வருகிறாயாம், அக்கா வீட்டில் தங்கப்போகிறாயாம், அம்மா அங்கே வந்து உன்னோடு இருக்க வேண்டுமாம். அக்கா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பேருந்தில் இருபது நிமிடம். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறைக்குக் கூட ஒரு தகவல் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அம்மா பத்து நாளைக்குத் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள், மூன்று வாரம் முன்னாலேயே.

அந்தச் செடியின் கதையை நீ முழுதாகக் கேட்கவேண்டும். கட்டடக்கலைப் படிப்பை மூன்றாம் ஆண்டில் உதறிவிட்டு விடுதியிலிருந்து நீ வீட்டுக்கு வந்தபோது ஒரு தோளில் பை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் அந்தச் செடி. நான் கதவைத் திறந்தேன். நீ முதலில் செடியை உள்ளே வைத்தாய், பிறகுதான் நீ வந்தாய். உனக்கு நான் என்ன கனவு கண்டேன் என்று உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக அடுத்தவன் வரைந்த வீட்டு வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் பிழை குறிப்பதுதான் என் வேலை. இங்கே கழிவறைக்குச் சன்னல் இல்லை, இங்கே படி உயரம் தப்பு, இங்கே பக்கத்துச் சுவருக்கு இடைவெளி போதாது. என்னிடம் இருந்தது பட்டயம், பட்டம் இல்லை, ஆகவே நான் அளவுகோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பொடியன் இன்று என் மேலதிகாரி. என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், பின்னால் ஒரு 'சார்' சேர்ப்பது கூட அவனுக்கு மனமிருந்தால்தான். என் மகள் வரைபடம் ஒன்று அவன் மேசைக்குப் போகவேண்டும், அதில் அவன் ஒரு பிழையும் காணமுடியாமல் விழிக்கவேண்டும், இவ்வளவுதான் நான் கேட்டது. நீ இரும்பை ஒட்டவைக்கப் போகிறேன் என்றாய். "அப்பா, நான் கோடு போட மாட்டேன். பத்தவைக்கிறேன். அதுதான் எனக்கு வருது" என்றாய். அன்றிலிருந்து நாம் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் மோட்டார், சாவி, பால் இந்த மூன்றைப் பற்றித்தான்.

வீட்டில் ஒரு வருடம் நீ இருந்தவரை செடி உன் அறைச் சன்னலோரம் இருந்தது. இலையெல்லாம் அகல அகலமாக, ஒவ்வொன்றிலும் ஓட்டை, சிலது ஓரத்திலிருந்து நடுநரம்பு வரை கிழிந்தாற்போல. நீ அதைச் சல்லடை என்று கூப்பிடுவாய். பூச்சி அரித்துக் கெட்டுப்போனதை நீ கேலி செய்கிறாய் என்றே நான் நினைத்துக்கொண்டேன். நீயும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ அங்கே கப்பல் கட்டும் தளத்துக்குக் கிளம்பிய அன்று அம்மாவிடம் "செடியப் பாத்துக்கங்கம்மா" என்றாய். எனக்கு நேராக ஒரு தலையசைப்பு. அடுத்த ஞாயிறு உன் அறையை என் வரைபட வேலைக்கு எடுத்துக்கொண்டேன், செடியை நடைவழிக்கு மாற்றினேன், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓட்டை உள்ள இலை பதினொன்று இருந்தது. பதினொன்றையும் வெட்டினேன். ஒரு பூச்சியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை, இருந்தாலும் வெட்டினேன். ஓட்டையில்லாத சின்ன இலை ஒன்று அடியில் இருந்தது, அதை மட்டும் நன்னடத்தைக்காக விட்டுவைத்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "அது உயிரோடதானே இருக்கு, எதுக்கு மொட்டையடிக்கிறீங்க" என்றாள். பரவாமல் இருக்க என்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்கு வெற்றி கிடைத்தது. சில மாதங்களில் புது இலை விட்டது, ஒரு ஓட்டை இல்லை. அடுத்ததும் அப்படியே. சின்னதாக, முழுசாக, ஒழுங்காக. குணமாகிவிட்டது என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். உன் மாமாவிடம் கூடக் காட்டினேன், அவர் அது மணி பிளாண்ட் என்றார், நான் மறுக்கவில்லை. இரண்டு வருடம் அந்தச் செடியை அந்த இருட்டில் நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

பிறகு இந்த வருடம்தான் உண்மையாகவே நோய் வந்தது. இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக வந்து மஞ்சளடித்தது. தண்டும் இலைக்காம்பும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக ஏதோ. தரையில் பிசுபிசுப்பு, செருப்பு ஒட்டியது. சுவரோரம் எறும்புச் சாரை. அலுவலகத்திலிருந்து திருத்தக் கொண்டுவந்த வரைபடச் சுருள் ஒன்றைத் தெரியாமல் அந்த அலமாரிமேல் வைத்துவிட்டேன், மறுநாள் பொடியன் மேசையில் விரித்தபோது இரண்டாம் மாடிப் படுக்கையறைக்குள் எறும்பு ஊர்ந்தது. "அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமா குடியிருக்காங்க போல" என்றான் பொடியன், அறையே சிரித்தது, நானும் சிரிக்கவேண்டியதாயிற்று. அந்த நிலையில்தான் உன் அக்கா படமெடுத்தாள், நீ அந்த வாக்கியத்தை எழுதினாய். உண்மையைச் சொல்கிறேன், செடிமேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. அதைத் தேற்றி, பளபளவென்று நிற்கவைத்து, படமெடுத்து, அதே குழுவில் அந்த ஒன்பது பேர் பார்க்கப் போடவேண்டும், கீழே ஒரு சொல்கூட எழுதக்கூடாது, இதுதான் என் நோக்கம். வீம்புக்குத்தான் தொடங்கினேன்.

முதலில் அது என்ன செடி என்று தெரியவேண்டுமே. உன்னைக் கேட்டிருக்கலாம், கேட்பேனா. போனில் படம் பிடித்தால் பேர் சொல்லும் செயலி ஒன்றை அம்மா போட்டுக்கொடுத்தாள். காலையில் பிடித்த படத்துக்கு ஒரு பேரும் மாலையில் பிடித்த படத்துக்கு இன்னொரு பேரும் சொன்னது, இரண்டையும் அடித்துச் சொன்னது. கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் வெள்ளையைப் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார், மனுஷனுக்குப் போடுகிற களிம்பு ஒன்றைக் கொடுத்தார், அதையும் தடவினேன், எறும்புக்கு அது பிடித்திருந்தது. கடைசியில் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பசுமை வலைக்குடில் போட்டு ஒரு அம்மாள் செடி விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, நோய்பிடித்த இலை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மாவும் வருவேன் என்றாள், அவள் கையில் பெரிய அட்டை உறை ஒன்று, கடையில் ஏதோ மாற்றவேண்டும் என்றாள், நான் கேட்கவில்லை. செடிக்கடை அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும், கையில் மண், காதில் பேனா. என் உறையைப் பிரிக்காமலே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மாவுப்பூச்சி. பஞ்சு மாதிரி இருக்கிறது அதோட கூடு. அது கழிக்கிற இனிப்புத்தண்ணிக்குத்தான் எறும்பு வருது. பூச்சி சரி, இது என்ன செடி சார், வேற இலை இல்லையா?" என்றாள். எல்லாம் இப்படித்தான் என்றேன். "முன்னாடியும் இப்படித்தானா?" என்றாள். முன்னாடி ஓட்டையாக இருந்தது, பூச்சி தின்றிருந்தது, நாங்கள் சரிசெய்துவிட்டோம் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். அப்போது உன் அம்மா அந்த அட்டை உறையைத் திறந்தாள். நான் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்ட பதினோரு இலையும் உன் பழைய வரைபடத் தாள்களுக்கு நடுவே தட்டையாக, காய்ந்து, பழுப்பாக இருந்தன. இரண்டு வருடமாக அவள் அதைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

செடிக்கடை அம்மாள் ஒரு இலையைத் தூக்கி அதன் ஓட்டை வழியே என்னைப் பார்த்தாள். "இது மான்ஸ்டெரா சார். இது பொறக்கிறதே இப்படித்தான். பெரிய மரத்துக்கு அடியில ஏறிப்போற கொடி, நல்லா வளர வளரத்தான் ஓட்டை விழும். இந்த ஓட்டைக்காகத்தான் ஜனங்க வாங்கவே வர்றாங்க" என்றாள். அப்படியானால் ஓட்டை இல்லாமல் வந்த இலை, என்றேன். "அது பட்டினி இலை சார். வெளிச்சம் பத்தலைன்னா பெரிய செடியும் கைக்குழந்தை இலைதான் விடும். ஓட்டை நின்னுபோச்சுன்னா அன்னிக்கே நீங்க பயந்திருக்கணும். பட்டினி கிடக்கிற செடியத்தான் பூச்சி தேடி வரும்." பிறகு இலைக்காம்புகளைப் பார்த்தாள், வெட்டு நேராக இருந்தது, என் வெட்டு எப்போதும் நேராகத்தான் இருக்கும். "யாரு வெட்டினது?" என்றாள். வீட்டில் என்றேன். "வீடு கத்தரிக்கோல் புடிக்குமா?" என்றாள். உன் அம்மா எதிரில் இருந்த தொட்டியில் ஒரு சருகைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாள்மேல், உன் அம்மாமேல், எல்லாவற்றுக்கும் மேலாக உன்மேல். சல்லடை சல்லடை என்று நாள்தோறும் கொஞ்சினாயே, ஒருநாள் என்னைக் கூப்பிட்டு "அப்பா, இது இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல உனக்கு எத்தனை மூச்சு செலவாகியிருக்கும்? நான் வெட்டியபின் அம்மா உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள், அவள் யாருக்கும் எதுவும் சொல்லாதவள். நீயும் அவளைப் போலத்தான். நம் வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் பீரோவுக்குப் பின்னால் வைப்பவர்கள்.

ஆனாலும் அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், எழுதியதைப் பிசகாமல் செய்தேன், ஏனென்றால் அரைகுறையாகச் செய்வது உன் மாமா வேலை. முதலில் தொட்டியிலிருந்து செடியை வெளியே இழுத்தோம். அழுகல் நாற்றம் அடித்தது. வெளியே அழகுக்கு ஒரு பீங்கான் தொட்டி, உள்ளே நீ வாங்கியபோது இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் நான்கு விரற்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. நான் வாரம் ஒருமுறை ஊற்றி, குளிர்ப்பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, தேதிக்கு நேரே குறியும் போட்டுக்கொண்டு வந்தவன். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து என்றேன். உன் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீங்க குறி மட்டும் போடுறீங்கன்னு நெனச்சேன். அதான் நீங்க ஆபீஸ் போனதும் நான் தினம் ஒரு சொம்பு" என்றாள். நான் ஊற்றுவதை நீ பார்த்ததே இல்லையா என்று கத்தினேன். "நான் ஊத்துறத நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள். ஒரே கூரைக்கடியில் இரண்டு வருடம், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரு செடியை மூழ்கடித்திருக்கிறோம். வேரில் பாதி கறுத்துக் கூழாகிவிட்டது. விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் கையில் வரும், அப்படி வந்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டினேன். இந்த முறை எதை வெட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வெட்டினேன், அம்மா தொட்டுப் பார்த்து "இது கெட்டியா இருக்கு, விடுங்க" என்பாள், விட்டேன்.

மண்ணை மாற்றினோம், தேங்காய் மட்டைத் துண்டும் கரித்தூளும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில், தண்ணீர் நிற்காதபடி. பூச்சிக்கு, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு வெள்ளையையும் தொடவேண்டும், தொட்டதும் உள்ளே இருப்பது இளஞ்சிவப்பாகக் கசியும். பிறகு சோப்புத் தண்ணீரால் இலையின் அடிப்பக்கம் முழுக்கத் துடைக்கவேண்டும். ஒருமுறை செய்தால் போதாது, கண்ணுக்குத் தெரியாத முட்டை இடுக்கில் இருக்கும், அது பொரித்து ஆறேழு நாளில் மறுபடி வெள்ளை தெரியும், மறுபடி துடைக்கவேண்டும். ஏழு ஞாயிறு துடைத்தேன். மற்ற எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதால் செடியைத் தனியாக உன் அறைச் சன்னலுக்கே கொண்டுபோனேன், என் வரைபட மேசையைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டேன், ஆகவே அறை காலியாக இருக்கிறது, இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன். நடுவில் இரண்டு இலை உதிர்ந்தது. அப்போது செடியைத் தூக்கித் தெருவில் வீசலாமா என்று தோன்றியது, வீசியிருந்தால் உன் வாக்கியம் ஜெயித்திருக்கும், வீசவில்லை. ஐந்தாம் ஞாயிறு எறும்பு நின்றது. இப்போது உச்சியில் ஒரு புது இலை, இறுகச் சுருட்டிய வரைபடம்போல, பச்சையாக நிற்கிறது. பிரியும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் இலையிலேயே எதிர்பார்க்காதீர்கள், ஒரு வருடமாவது ஆகலாம் என்று செடிக்கடை அம்மாள் சொல்லிவிட்டாள். ஆகவே குழுவில் போட என்னிடம் படம் எதுவும் இல்லை.

இதுவரை எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று நினைத்தேன். வேண்டாம், இதுவும் நான்தான். ஆனால் நான்கு பக்கம் உன்மேல் சீறியது எதற்கு என்று உனக்குச் சொல்லவேண்டும். எழுதவேண்டிய ஒன்றைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

மூன்றாம் ஞாயிறு இலை இடுக்கில் இருப்பது பூச்சியா சோப்பு நுரையா என்று தெரியாமல் பூதக்கண்ணாடி கேட்டேன். என் கை ஈரம். மேசை இழுப்பறையில் இருக்கிறது, சாவி சட்டைப்பையில் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா திரும்பி வந்தபோது ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் உன் படிவம். நம் ஊரிலேயே, இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் பற்றவைப்புப் பயிற்சி நிலையத்தின் படிவம். உன் கையெழுத்தில் நிரப்பி, உன் படம் ஒட்டி, நீ என் மேசைமேல் வைத்துவிட்டு "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும், கார்டியன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று சொன்னாயே, அது. தொலைந்துபோயிற்று என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அது. அது தொலையவில்லை. நான்தான் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். நீ மூன்று நாள் தேடினாய், கட்டிலுக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுக்குள், குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துக்கொட்டிக்கூட. "நான் பாக்கவே இல்லையே" என்றேன். உன்னோடு சேர்ந்து நானும் தேடினேன், சின்னவளே. டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் அடித்துப் பார்த்தேன். பொருளை வைத்த இடம் தெரியாதவள் நெருப்பைக் கையாளப் போகிறாயா என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். நீ அழுதுகொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் அதை வாங்கிக்கொண்டேன். புதுப் படிவம் கேட்டுப் போனபோது தேதி முடிந்திருந்தது, ஒரு வருடம் போயிற்று, பிறகு உன்னை எடுத்துக்கொண்ட ஒரே இடம் அந்தத் தூரத்துக் கப்பல் தளம். சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அவள் பிடிவாதம்தான் அவளை அவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்று சொல்லிவந்திருக்கிறேன். ஒருவரும் நம்பாமல் இருந்ததில்லை, நான் சொன்னால் நம்புவார்கள்.

உன் அம்மா படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அவகூட நீங்களும் தேடுனீங்களே" என்றாள். அவ்வளவுதான். பூதக்கண்ணாடியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கும்போது, "அவ வர்றதுக்குள்ள நீங்க சொல்லிடணும். இல்லாட்டி நான் சொல்லுவேன், நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து இலையைப் பிடித்துக்கொள்கிறாள், துடைக்கக் குச்சி எடுத்துக் கொடுக்கிறாள், பேசுவதில்லை. அவள் பயமுறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். ஆமாம், பாதி அதனால்தான். மீதிப் பாதிக்கு எனக்கே காரணம் தெரியவில்லை, தெரிந்ததாக எழுதி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு என்மேல் இரக்கப்படாதே, எனக்கு அது பிடிக்காது. உன் வாக்கியத்தின்மேல் என் கோபம் இன்னும் தீரவில்லை. அந்த வீட்டில் எதுவும் வளராது என்பது தப்பு. வளர்ந்தது. பெரிதாக, ஓட்டையோடு, அதற்கென்று உள்ள விதத்தில்தான் வளர்ந்தது. வெட்டியவன் ஒருவன் இருந்தான். அடுத்தமுறை குழுவில் எழுதினால் சரியாக எழுது, என்னைப் பேர் சொல்லி எழுது, உன் மாமா தன் மூஞ்சியைப் போட்டுக்கொள்ளட்டும். அக்கா வீட்டில் தங்குவதானால் தங்கு. வா என்று கூப்பிடுவதற்கான வாய் எனக்கு இப்போது இல்லை, அதை நீ கொடுத்தால்தான் உண்டு. அம்மாவின் பெட்டியைப் பேருந்தில் நானே ஏற்றிவிடுவேன், முழங்காலைச் சாக்குச் சொல்லமாட்டேன்.

முகமூடி போடாமல் ஒரு நொடிகூடப் பொறியைப் பார்க்காதே, அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு அதுதான் என்று படித்தேன். கையுறை நனைந்திருந்தால் மாற்றிவிட்டுத் தொடு. கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தாலும் இடுப்புப் பட்டையைக் கட்டாமல் உயரத்துக்கு ஏறாதே. உன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமையாவது பேசு, இந்த வீட்டில் அவள் பேச வேறு ஆள் இல்லை. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், நீ சேர்த்துவைக்கும் இரும்பு எந்தக் கடலிலும் பிரியாமல் இருக்கட்டும், கண்ணும் உடம்பும் கெடாமல் நெடுநாள் நன்றாக இரு.

படிவத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். பாதுகாவலர் கையெழுத்து என்று போட்டிருக்கும் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. பேனாவை எடுத்து அதில் போட்டுவிடலாமா என்று பார்த்தேன், இத்தனை நாள் கழித்துப் போட்டால் அது இன்னொரு திருட்டு. அதைப் போடாமல் இந்தக் கடிதத்தின் அடியில் மட்டும் உன் அப்பா என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட எனக்கு என்ன யோக்கியதை. நீ கேட்ட இடத்தில் போடாதவன் நீ கேட்காத இடத்தில் போடக்கூடாது. யார் எழுதியது என்று எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும், கோபத்தைப் பார்த்தாலும் தெரியும். கீழே ஒன்றும் போடாமல் உறையை ஒட்டுகிறேன், நாளைக் காலை அலுவலகம் போகும் வழியில் அப்படியே தபாலில் சேர்த்துவிடுவேன்.